கடன் வாங்கிய வெண்மை

பாட்டியின் ஒரே புகைப்படம் நைந்துவிட்டது. அதை நல்ல தாளில் மறுபடி அச்சிட்டு வைக்க விரும்புகிறீர்கள். இங்க்ஜெட் அச்சுக்கென விற்கும் விலையுயர்ந்த கலைத்தாளின் உறையில் ‘அமிலமற்றது’ என்று கண்டதும் நம்பி வாங்குகிறீர்கள். சில ஆண்டுகளில் தாள் மஞ்சள் பூக்கிறது. உறை பொய் சொல்லிற்றா? இல்லை. சொல்ல வேண்டியதில் பாதியை விட்டுவிட்டது.

பழைய செய்தித்தாள் பழுப்பேறுவதற்கு அமிலமும், அரைத்த மரக்கூழில் தங்கிவிடும் லிக்னினும் காரணம். கலைத்தாள்கள் பருத்தியிலோ, லிக்னின் நீக்கிய மரக்கூழிலோ செய்யப்படுகின்றன. பின்னால் சேரும் அமிலத்தை ஈடுகட்டக் கால்சியம் கார்பனேட்டும் சேர்க்கிறார்கள். இதுவரை குறையில்லை.

ஆனால் பருத்தியின் இயல்பு நிறம் பாலாடை போன்றது. இரு தாள்களை எதிரில் வைத்தால் நம் கை பளிச்சென்றிருப்பதையே நாடும். இந்தப் பலவீனத்துக்காகச் சேர்க்கப்படுபவையே ஒளிர்வூட்டிகள். இவை கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களை உட்கவர்ந்து நீல ஒளியாக வெளியிடுகின்றன. உடனொளிர்வு எனப்படும் இந்நிகழ்ச்சிக்கு 1852இல் ஆங்கிலப் பெயர் சூட்டியவர் ஸ்டோக்ஸ். 1929இல் பால் கிரைஸ் என்ற ஜெர்மானியர், குதிரைச் செஸ்நட் மரத்தில் கிடைக்கும் எஸ்குலின் என்ற பொருளால் துணியை இவ்வாறு வெண்மையாக்கிக் காட்டினார்.

வேட்டிக்குப் போடும் சொட்டு நீலம் வேறு வகை. அது மஞ்சள் ஒளியை விழுங்குகிறது. மஞ்சள் மறைந்தாலும் மொத்த ஒளி சற்றுக் குறையும். ஒளிர்வூட்டியோ நீல ஒளியைக் கூட்டுகிறது. அதனால்தான் அந்த மயக்கும் வெண்மை!

வெளிச்சமும் ஓசோனும் பட்டு ஒளிர்வூட்டியின் மூலக்கூறுகள் நாளடைவில் சிதைகின்றன. கூடுதல் நீலம் போனதும் தாளின் இயல்பு நிறம் வெளிப்படுகிறது. நமக்கு அது மஞ்சளாகப் படுகிறது. இன்னொரு வேடிக்கை: புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டுச் சட்டமிட்டால், அந்த வெண்மை முதல் நாளே குறைந்துவிடும்!

ஹானெமூலே நிறுவனத்தின் ‘ஃபோட்டோ ராக் பிரைட் ஒயிட்’ பருத்தித் தாள்தான். ஆனால் ஒளிர்வூட்டி உண்டு. கான்சனின் ‘ராக் ஃபோட்டோகிராஃபிக்’ தாளில் இல்லை. இரண்டும் அமிலமற்றவையே என்பதைக் கவனியுங்கள். இந்நிறுவனங்கள் தகவல் ஏட்டில் இதைச் சொல்லிவிடுகின்றன என்பதையும் மறைக்கலாகாது. நாம்தான் கேட்பதில்லை.

கள்ள நோட்டுச் சோதிக்கும் புற ஊதா விளக்கு போதும், நீங்களே பார்த்துவிடலாம். இருட்டறையில் தாளின் இரு பக்கங்களிலும் ஒளியைப் பாய்ச்சுங்கள். சாதாரண நகல் தாள் நீலமாகப் பளீரிடும். ரூபாய் நோட்டின் தாள் மங்கியே இருக்கும், எண்கள் ஒளிரும். நீண்ட நாள் காக்க வேண்டிய படத்துக்கு நோட்டைப் போல் மங்கும் தாளையே வாங்குங்கள். ஓராண்டு நாட்காட்டிக்கு எதுவும் ஆகும்.

அப்படி வாங்கிய தாளையும் மலிவான அட்டையிலோ பிளாஸ்டிக் உறையிலோ அடைத்து வைக்காதீர்கள். மையை ஏற்கும் நுண்துளைப் பூச்சு, பிளாஸ்டிக்கில் சேர்க்கும் சில எதிர்ஆக்சிகரணிகளின் ஆவியையும் உறிஞ்சி மஞ்சளாகும். அதற்கு வெளிச்சம்கூட வேண்டியதில்லை.