சமையல் நூல்கள் சொல்லாத அளவு

சமையல் நூல்கள் இட்லிக்கு அரிசி, உளுந்து, உப்பு ஆகியவற்றைத் துல்லியமாக அளந்து தருகின்றன. இது பாராட்டத்தக்கது. ஆனால் மாவு புளிப்பதற்கு மட்டும், "இரவு முழுவதும் வைக்கவும்" என்பதோடு பல நூல்கள் நின்றுவிடுகின்றன. எந்த மாதத்து இரவு? தஞ்சாவூரில் மார்கழி இரவும் சித்திரை இரவும் ஒன்றா?

மாவு பொங்குவதில் லூக்கனாஸ்டாக் என்னும் பாக்டீரியாவுக்குப் பெரும்பங்கு உண்டென்பதை 1965இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அது 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை நன்கு வளரும். வெப்பம் ஏறினால் புளிப்பு விரைந்து மிகும். இறங்கினால் மாவு பொங்க நேரமாகும். ஆகவே மணிக்கணக்கை மட்டும் கூறுவது பாதி அளவையே கூறுவதாகும்.

பீர் தயாரிப்போர் இக்குறைக்கு இடம் தருவதில்லை. நொதித்தலின்போது ஈஸ்ட் தானே வெப்பத்தை வெளிவிடும். எனவே குளிர்ந்த நீரைக் குழாய்ச் சுருளில் ஓட்டிக் கலத்தின் சூட்டைத் தணிக்கின்றனர். சித்திரையில் மாவுப் பாத்திரத்தை அகன்ற தொட்டி நீரில் வைப்பதிலும் இதே தத்துவம்தான் உள்ளது. ஆவியாதலால் நீர் சற்றுக் குளிர்ந்திருக்கும், மெல்லவே சூடேறும்.

வாசகர்களே! சமையலறையில் ஒரு வெப்பமானியை மாட்டுங்கள். வெப்பநிலையையும் மாவு பொங்கிய நேரத்தையும் மாதந்தோறும் குறித்து வாருங்கள். நூல் தராத அளவை உங்கள் குறிப்பேடு தரும்.