'தண்ணீர்' நாவலும் நிலத்தடி நீரும்

கே. டானியலின் 'தண்ணீர்' நாவலை ஆராய்ந்தோர் பெரும்பாலும் கிணற்றில் நீர் அள்ளும் உரிமை பற்றியே பேசினர். அது முறையே. கரவெட்டியிற் பிறந்த கா. சிவத்தம்பி 1974இல் திணைக் கோட்பாட்டைச் சமூக பொருளாதார அடிப்படையில் விளக்கிய பின்னர், நிலத்தையும் நீரையும் வெறும் பின்னணியாகக் கொள்ளுதல் இயலாது. ஆயின் அந்நோக்கு கிணற்றுக் கட்டோடு நின்றுவிட்டது, நீரினுள் இறங்கவில்லை.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளினூடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உடலின் களைப்பே அதற்குக் காவலாயிருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை, அளவுமீறி இறைக்க உவர் மேலேறும். வெங்காயத் தோட்டத்துக்கு இட்ட யூரியாவும் மலக்குழிக் கசிவும் நைத்திரேற்றாக அந்நீரிலேயே சேர்கின்றன. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதனைத் தாண்டிய கிணறுகள் இங்கே பல. காய்ச்சினாலும் அது நீங்காது.

நிலத்தின் கீழே வேலி இல்லை. ஆதலின் சாதி வினா காலங்கடந்தது என்பார் உளர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. கெட்ட கிணற்றை விட்டுப் போத்தல் நீர் வாங்க வல்லவர் ஒருசிலரே. எஞ்சியோர் யார் என்று கேட்கும்போது டானியலின் வினாவே மீண்டும் எழுகின்றது.