வெளுத்த தோல்

'சிவாஜி'யை 2007-ல் திண்டுக்கல்லில் பார்த்தேன். ரஜினி வெள்ளைக்காரராகி ஆடும் பாட்டுக்கு ஒரே விசில். மேக்கப் என்றார்கள். இல்லையாம். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை அதே வெளிச்சத்தில், அதே அசைவுகளோடு தனியாகப் படமெடுத்து, அவர் தோல் நிறத்தை ஃபிரேம் ஃபிரேமாக ரஜினி மேல் ஏற்றினார்கள். மாதக்கணக்கில் வேலை. விஷுவல் எஃபெக்ட்ஸ் சூப்பர்வைசர் ஸ்ரீனிவாஸ் மோகன். படத்துக்கு தேசிய விருது. பிறகு 'எந்திரன்' (2010), 'பாகுபலி' (2015), 'ஆர்.ஆர்.ஆர்.' (2022) என்று விருதுகள் தொடர்ந்தன.

'எந்திரன்' ரோபோக்கள் பந்தாகச் சேர்ந்து உருள்வது கம்ப்யூட்டர் வேலை என்று குழந்தைக்கும் தெரியும். இந்தத் தோல் வேலை தெரியவே இல்லை. என் மார்க் அதற்குத்தான். ஆனால் அத்தனை சாமர்த்தியமும் ஒரு கறுப்பு மனிதரை வெளுக்கவா? விசிலடித்த பாதிப் பேர் வெயிலில் கறுத்தவர்கள். நானும்தான் அடித்தேன்.