ஓர் இரவுக்கான வீடு

இங்கிலாந்தின் கிழக்குக் கரை ஓடைகளில் தனியாளாகப் பாய்விரித்துச் செல்கிறவர்கள், 14 அடித் திறந்த படகையே இரவில் வீடாக்கிக்கொள்ளும் நேர்த்தி எனக்கு அலுப்பதே இல்லை. கனமான தண்ணீர் கேன் நடுவில், அடியில். மாற்றுத்துணி நீர்புகாப் பையில், வாயைச் சுருட்டிக் கட்டி. வாளிக்கும் ஒரு கயிறு உண்டு. படகோட்டியின் பக்குவத்தை அந்தக் கயிற்றிலேயே கண்டுகொள்ளலாம்.

பொழுது சாய்ந்ததும் பாயைச் சுருட்டி, அதன் அடித்தண்டையே கூரை விட்டமாக்கி, மேலே கித்தானை இழுத்துக் கட்டுகிறார்கள். அதன்மேல் சாரல் விழும் ஓசை தனிச் சுகம். ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த பக்கப் பலகைகளில் தண்ணீர் களக் களக்கென்று தட்டிக்கொண்டே இருக்கும். ஓதம் வற்ற வற்ற அதுவும் ஓயும். படகு சேற்றில் மெத்தென்று அமரும். இனி தண்ணீர் திரும்பும்வரை அசையாது.