அழகனை விட்டுவிட்டு ஃபிரெடியை

ஆங்கில நாவலாசிரியர் ஜார்ஜெட் ஹேயரின் முதல் கதை பிறந்தது உடம்பு சரியில்லாத தம்பிக்காக. ரத்தம் உறையாத நோய் அவனுக்கு. அவன் பொழுதுபோக அக்கா சொன்ன அந்தக் கதைதான் 1921இல் 'தி பிளாக் மாத்' நாவலாக வந்தது. அப்போது அவருக்கு வயது 19. சுரங்கப் பொறியாளரான கணவருடன் ஆப்பிரிக்காவின் தங்கனிக்காவுக்குப் போனபோதும் எழுத்து நிற்கவில்லை. 1926இல் பொது வேலைநிறுத்தத்தால் பிரிட்டிஷ் பத்திரிகைகள் முடங்கியிருந்த வேளையில் வந்த 'தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்', விளம்பரமே இல்லாமல் விற்றுத் தீர்ந்தது. அதன்பின் அவர் விளம்பரத்தை நாடவே இல்லை. பேட்டி கொடுக்கவும் மறுத்தார்.

அவருடைய உலகம் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து இங்கிலாந்து. எந்த வண்டிக்கு எத்தனை குதிரை, எந்தத் தொப்பிக்கு எந்த ரிப்பன் என்று நோட்டுப் புத்தகங்களில் குறித்து வைப்பார், படமும் வரைவார். அன்றைய ஆண்களின் கொச்சைப் பேச்சைக்கூடச் சேகரித்தார். அந்த உழைப்பு வாசகருக்குப் பாரமாகத் தெரியாததுதான் அழகு.

எனக்கு மிகப் பிடித்தது 1953இல் வந்த 'கோட்டிலியன்'. தன் உறவுப் பேரன்மாரில் ஒருவனைக் கட்டிக்கொண்டால்தான் சொத்து என்கிறார், கிட்டியை எடுத்து வளர்த்த கஞ்சக் கிழவர். அவள் மனம் அந்தப் பேரன்மாரில் அழகனான ஜாக்கிடம். அவனோ அவளைக் கேட்டு வரவே இல்லை. அவனுக்குப் பொறாமை மூட்ட, தன்னோடு நிச்சயமானதாக நடிக்கும்படி இன்னொரு பேரனான ஃபிரெடியிடம் மன்றாடுகிறாள். ஃபிரெடி வீரனும் இல்லை, பெரிய அறிவாளியும் இல்லை. உடையும் சபை நாகரிகமும் அவனுக்கு அத்துப்படி, அவ்வளவுதான். வேறு யார் எழுதியிருந்தாலும் நம்மைச் சிரிக்க வைத்துவிட்டு ஒதுங்கியிருப்பான். ஹேயர் அவனை அவசரப்படாமல் வளர்க்கிறார். லண்டனில் கிட்டி என்ன உடுத்தலாம், யாரை நம்பலாம், இழுத்துவிட்டுக்கொண்ட சிக்கலிலிருந்து எப்படி மீளலாம் என ஒவ்வொன்றுக்கும் முணுமுணுத்தபடியே வந்து நிற்கிறான். அவள் மனம் எந்தப் பக்கத்தில் மாறியது என்று திரும்பிப் புரட்டினால் பிடிபடாது. கடைசியில் ஜாக்கை அவன் ஒரே குத்தில் வீழ்த்தும்போது நமக்கே கைதட்டத் தோன்றுகிறது.

எல்லா நாவலும் இந்தத் தரமில்லை. 'தி கிராண்ட் சோஃபி'யில் வரும் யூத வட்டிக்காரனின் சித்திரிப்பு இன்றும் உறுத்துகிறது. அந்த அத்தியாயத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. புதிதாக வாசிப்பவர்கள் ஃபிரெடியிடம் தொடங்கிவிட்டு, அடுத்து 1958இன் 'வெனிஷியா'வுக்குப் போகலாம். அதில் இருவர் காதலிப்பதே ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரிப்பதால்தான்.