இருபெயர் கொண்ட ஒரு குற்றப்படம்

பழைய படச் சுருள்களையும் சுவரொட்டிகளையும் தேடிச் சேர்ப்போர் ‘பிட்ரேய்டு’ என்ற பெயரைக் கண்டால் எளிதில் விடமாட்டார்கள். ராபர்ட் மிச்சம் புகழ்பெறுமுன் நடித்த படம் அது. போர்க்காலமாகிய 1944-இல் அமெரிக்காவின் மோனோகிராம் நிறுவனம் வெளியிட்டபோது அதற்கு ‘வென் ஸ்ட்ரேஞ்சர்ஸ் மேரி’ என்று பெயர். முன்பின் அறியாதவர் மணந்துகொண்டால் என்பது பொருள். மிச்சம் நட்சத்திரமானபின் பெயரை மாற்றி மீண்டும் திரைக்கு அனுப்பினர். ஒரே படம், இரு பெயர். சேகரிப்போர்க்கு வேறென்ன வேண்டும்!

ஆயினும் இப்படத்தின் சிறப்பை மிச்சமின் பெயரோடு முடிச்சிடுவது அதற்கு இழைக்கும் அநீதி என்றே நாம் கருதுகிறோம். படத்தைத் தாங்குபவர் கிம் ஹன்டர். சில முறையே சந்தித்த ஒருவனை மணந்த சிற்றூர்ப் பெண், அவனை நாடி நியூயார்க் வந்து சேர்கிறாள். விடுதியில் கணவன் இல்லை. இரவு. சன்னலுக்கு வெளியே விளம்பர விளக்கு எரிந்தெரிந்து அணைகிறது. ஆட்ட இசை அறைக்குள் புகுகிறது. அவள் முகம் ஒளியில் தோன்றுவதும் இருளில் மறைவதுமாக இருக்கிறது. தன் கணவன்மீது கொலைப்பழியின் நிழல் படியப்போவதை அவள் அறியாள். அச்சமோ அதற்குள் தொடங்கிவிடுகிறது. வேற்றூரில் முதல் இரவைத் தனியே கழித்த நம்மவர்க்கு இக்காட்சிக்கு உரை தேவையில்லை.

1942-இல் அமெரிக்க அரசு, ஒரு படத்தின் புதிய அரங்கப் பொருள்களுக்கு 5,000 டாலர் என வரம்பு கட்டியது. எளிய நிறுவனமான மோனோகிராமுக்கு அதற்கு முன்பும் செல்வம் இருந்ததில்லை. அந்த வறுமையே அழகைத் தந்தது என்பார் சிலர். நாம் அதனை முழுதும் ஏற்பதற்கில்லை. அதே வறுமையில் பிறந்த படங்கள் பல பார்க்கப் பொறுக்காதவை. இங்கே இயக்குநர் வில்லியம் காஸில் ஒரு சுவரையும் ஒரு சன்னலையும் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் மனத்தைக் காட்டத் தெரிந்தவராக இருந்தார். ஜேம்ஸ் ஏஜி போன்ற விமர்சகர் அன்றே இதனைப் பாராட்டினர். இறுதிப்பகுதி அவசரக் கோலந்தான்; மறுக்கவில்லை.

புதுப்பெயர் இழைத்த கேடு வேறு. ‘பிட்ரேய்டு’ என்றால் வஞ்சிக்கப்பட்டவள்; படம் தொடங்குமுன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. பழைய பெயரோ கணவனை நம்பலாமா என்ற கேள்வியை அவளோடு சேர்த்து நம்மிடமும் விட்டுவைக்கிறது.