தகர மனிதனும் உப்புக் காற்றும்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள், மரக்காணத்தை நெருங்கும்போது பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் உப்பளங்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. நண்பகலில் கண் கூசும். அங்கே அரைமணி நேரம் நின்றுவிட்டு உதட்டை நாவால் தொட்டுப் பாருங்கள்; கரிக்கும். அந்தக் காற்றுக்கு மிதிவண்டிச் சங்கிலி, சன்னல் கம்பி, கதவுக் கீல் எல்லாம் ஒன்றுதான். இரும்பு என்று கண்டால் அது விடுவதில்லை.

இப்படிப்பட்ட ஊரில் உலோகத்தால் இயந்திர மனிதப் பொம்மைகள் செய்து சேர்ப்பதை ஒருவர் பொழுதுபோக்காகக் கொள்ளலாமா? கொண்டால் அதில் அறிவியல் எவ்வளவு, வெறும் அலங்காரம் எவ்வளவு? வாசகர்களாகிய உங்களில் பலர் பழைய டப்பாவையும் மரைகளையும் வைத்து இத்தகைய உருவங்கள் செய்கிறவர்களாக இருப்பீர்கள். ஆகவே ஒரு கதையையோ ஓவியத்தையோ விமர்சிப்பதைப் போல மூன்று பொம்மைகளை எடுத்துக்கொண்டு இங்கே விமர்சிக்கிறேன். உப்பளத்தை ஒட்டிய ஒரு வீட்டின் சன்னல் பலகையில், ஐப்பசி முதல் தை வரை அவற்றை நிறுத்தி வைத்திருந்தேன். ஆக, விமர்சகர் நான் மட்டுமல்லன், உப்புக் காற்றும்தான்.

முதற்பொம்மை, பழைய ஜப்பானிய வடிவத்தில் செய்யப்பட்டது. சதுரத் தலை, பெட்டி உடல், முதுகில் சாவி. சாவி கொடுத்தால் தள்ளாடித் தள்ளாடி நடக்கும். இரண்டாவது, மோட்டார்சைக்கிள் சங்கிலி, மரை, திருகாணி ஆகியவற்றைப் பற்றவைத்துச் செய்த போர்வீரன். கையில் பெரிய துப்பாக்கி. மூன்றாவது, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பால்மாவு டப்பாவை வெட்டிச் செய்தது. அதன் கையில் இருந்தது ஒரு மரப் பலகை. உப்பு வாரும் பலகை.

உருவம் எங்கிருந்து வந்தது?

‘ரோபோ’ என்ற சொல்லை உலகுக்குத் தந்தது ஒரு நாடகம். செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்டு, 1921இல் பிராக் நகரில் மேடையேறிய ‘ஆர்.யூ.ஆர்.’ என்பது அது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் யோசெப். செக் மொழியில் ‘ரொபோத்தா’ என்றால் பண்ணையாருக்குக் குடியானவன் கட்டாயமாகச் செய்ய வேண்டிய உழைப்பு. நம் பக்கத்துச் சொல்லில் சொன்னால் வெட்டி வேலை.

இதில் வியப்பு என்னவென்றால், அந்த நாடகத்து ரோபோக்கள் உலோகத்தால் ஆனவை அல்ல. ஆய்வுக்கூடத்தில் வேதியியல் முறையில் உண்டாக்கிய சதையால் ஆனவை. பார்வைக்கு மனிதரைப் போலவே இருப்பவை. உலோக உடல் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. 1927இல் ஜெர்மனியில் வந்த ‘மெட்ரோபோலிஸ்’ என்ற திரைப்படத்தில் ஓர் உலோகப் பெண் தோன்றினாள். 1928இல் லண்டனில், இயந்திர மாதிரிகள் செய்யும் பொழுதுபோக்காளர் சங்கத்தின் கண்காட்சியைத் திறந்து வைக்க ‘எரிக்’ என்ற அலுமினிய மனிதனைச் செய்து நிறுத்தினார்கள். எழுந்து நின்றான், தலை வணங்கினான், பேசினான். ஆனால் ஓரடி கூட நடக்க அவனால் முடியாது. மார்பில் ‘ஆர்.யூ.ஆர்.’ என்ற எழுத்துகள். உலோக இயந்திர மனிதனின் ஆரம்ப உருவங்களில் ஒன்று நம்மைப் போன்ற பொழுதுபோக்காளர்களின் மேடையில்தான் எழுந்து நின்றது என்பதை நினைத்து நாம் கொஞ்சம் பெருமைப்படலாம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஜப்பானியப் பட்டறைகள் இந்த உருவத்தைத் தகரத்தில் வார்த்தெடுத்து உலகெங்கும் அனுப்பின. தட்டையான தகட்டில் முதலில் வண்ணப் படத்தை அச்சிடுவார்கள். பிறகு அச்சில் அழுத்தி வளைப்பார்கள். ஓரத்து நாக்குகளைத் துளையில் செருகி மடக்குவார்கள். பற்றாசு வேண்டாம், திருகாணி வேண்டாம். என் முதற்பொம்மையும் அந்த முறையில் ஆனதே. தயாரிப்பு முறை என்ற அளவில் அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். சிக்கனமும் கெட்டித்தனமும் அதில் உண்டு.

காற்று எழுதிய விமர்சனம்

தை பிறந்தபோது மூன்று பொம்மைகளையும் எடுத்துப் பார்த்தேன். போர்வீரன் முழுக்கச் சிவந்திருந்தான். தகர மனிதனின் முகம் பளபளப்பாகவே இருந்தது. ஆனால் வண்ணம் உரிந்த முழங்காலிலும், நாக்குகள் மடங்கிய ஓரங்களிலும் துரு புகுந்திருந்தது. மாணவனின் பொம்மை வெட்டுவிளிம்புகளில் மட்டும் துருப்பிடித்திருந்தது. ஏன் இந்த வேறுபாடு?

துருப்பிடித்தல் ஒரு சிறிய மின்கலம் வேலை செய்வதற்கு ஒப்பானது. ஈரம் பட்ட இரும்பின் ஓரிடத்தில் இரும்பணுக்கள் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாகக் கரைகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே வேறோரிடத்துக்குப் போய், நீரில் கரைந்த ஆக்ஸிஜனோடு சேர்கின்றன. உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் இந்தக் கலம் விரைந்து ஓடுகிறது. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் உலோகத்தின் மேலுள்ள காப்புப் படலத்தையும் துளைத்துவிடுகின்றன.

‘மழை படாத சன்னலில் ஈரம் ஏது?’ என்று கேட்பீர்கள். தூய சோற்றுப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடற்கரை இரவுகளில் இந்த அளவு சாதாரணம். கடல்நீரில் உள்ள மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசிந்துவிடும். உப்பு படிந்த பிறகு பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் மிகுந்திருப்பது இதுதான். ஆகவே உப்பளத்துத் தூசு படிந்த பொம்மை, பார்வைக்கு உலர்ந்திருந்தாலும் உண்மையில் நனைந்தே இருக்கிறது.

தகரம் என்று நாம் சொல்வது வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. பூச்சு முழுமையாக இருக்கும்வரை காப்பாற்றும். கீறல் விழுந்துவிட்டால் கதை மாறும். வெள்ளீயத்தைவிட இரும்பே எளிதில் அரிக்கப்படும் உலோகமாதலால், கீறலுக்கு அடியிலுள்ள இரும்பு முன்னைவிட விரைவாகக் கரையும். துத்தநாகம் பூசிய தகடு இதற்கு நேர்மாறு. அங்கே துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கும். போர்வீரனின் இரும்பில் பித்தளைத் திருகாணிகளை முறுக்கியிருந்தார்கள். அவற்றைச் சுற்றித்தான் துரு அதிகம். இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு உப்பு ஈரத்தில் இருந்தால், பலவீனமானது பலியாகும்.

இதை நீங்களே கண்ணால் காணலாம். பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரின் துணையோடு, தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புத் தகட்டின் மேல் ஒரு பெரிய சொட்டு உப்புநீர் விடுங்கள். அந்த நீரில் சிறிது பினால்ப்தலீனும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் கலந்திருக்க வேண்டும். சற்று நேரத்தில் சொட்டின் நடுவே நீலம் தோன்றும். அங்கே இரும்பு கரைகிறது. ஓரத்தில் இளஞ்சிவப்பு தோன்றும். அங்கே ஆக்ஸிஜன் வேலை செய்கிறது. இங்கிலாந்து அறிஞர் ஈவான்ஸ் புகழ்பெறச் செய்த சோதனை இது. நம் நாட்டில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் 1953 முதல் இத்தகைய அரிமானத்தை ஆராய்ந்து வருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உப்பு வாரும் பலகை மரத்தால் ஆனது. இரும்பில் செய்தால் கருவியும் கெடும், உப்பிலும் துருக்கறை படியும். மின்வேதியியல் என்ற சொல் பிறக்கும் முன்பே உப்பளத்துக்காரர்கள் எட்டிய முடிவு இது. அந்த மாணவன் தன் பொம்மையின் கையில் மரத்தைக் கொடுத்தது எவ்வளவு சரி!

துப்பாக்கியா, பலகையா?

இனி கருத்துக்கு வருவோம். போர்வீரன் பொம்மையின் வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. சங்கிலிக் கண்ணிகளை முதுகெலும்பாக்கிய கற்பனை அருமை. ஆந்திரத்துத் தெனாலியில் இரும்புக் கழிவிலிருந்தே ஆளுயரச் சிலைகள் செய்கிறார்கள். அந்த வழியில் வந்த திறமை இது. ஆனால் அந்தத் துப்பாக்கி யாருடையது? ஏதோ வெளிநாட்டுப் படத்திலிருந்து இறங்கி வந்தது. செய்தவர் தன் பட்டறையைச் சுற்றி ஒருமுறையும் பார்க்கவில்லை என்பதற்கு அது சாட்சி.

உண்மையான ரோபோக்கள் எப்படி இருக்கின்றன? 1961இல் அமெரிக்க மோட்டார் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த ‘யுனிமேட்’ வெறும் ஒரு கை. தலையும் இல்லை, காலும் இல்லை. 2018இல் கும்பகோணம் நகராட்சிக்கு வந்த ‘பாண்டிகூட்’, கேரள இளைஞர்கள் வடிவமைத்தது. பாதாளச் சாக்கடைக் குழிக்குள் மனிதனுக்குப் பதிலாக இறங்குவது. பார்க்கச் சிலந்தியைப் போல இருக்கும். கழிவுத் தொட்டிகளுக்காக ஐ.ஐ.டி. சென்னை உருவாக்கிய ‘ஹோமோசெப்’பும் அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. குழிக்குள் விஷவாயு தாக்கி மனிதர் இறக்கும் நாட்டில் இவற்றைவிட மேலான இயந்திர மனிதன் வேறு எது? ஆனால் எந்தச் சேகரிப்பாளரின் அலமாரியிலும் இவற்றின் மாதிரியை நான் கண்டதில்லை. முகம் இல்லாததை நாம் சேகரிப்பதில்லை. இந்தப் பொழுதுபோக்கின் பெரிய குறை இது என்பேன்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. 1980களில் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில் வாசகர் மனத்தைப் பிடித்தது ஜீனோ என்ற இயந்திர நாய். மனித முகம் அதற்கு இல்லை. அதன் அறிவும் குறும்புமே நமக்குப் பிடித்தன.

மாணவனின் பொம்மைக்கு வருகிறேன். கைகள் ஒன்றுக்கொன்று அளவு ஒத்துவரவில்லை. பற்றாசு கட்டி கட்டியாக இருக்கிறது. ஆனாலும் மூன்றில் சிந்தனை உள்ள பொம்மை அது ஒன்றே. ‘ஏன் பலகை வைத்தாய்?’ என்று கேட்டேன். “அம்மா உப்பளத்துல வாருறாங்க சார். கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது. அம்மாவுக்குப் பதில் இது போகட்டும்னுதான்” என்றான். பக்கத்தில் நின்ற தாய் சிரித்துக்கொண்டே சொன்னார்: “இது போச்சுன்னா எனக்குக் கூலி யாரு சார் குடுப்பாங்க?”

நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் பதில் இல்லை. சாப்பெக்கின் நாடகம் நூறாண்டுக்கு முன் எழுப்பிய கேள்வியும் இதைச் சார்ந்ததே. உழைப்பின் துன்பத்தை இயந்திரம் ஏற்றுக்கொள்ளட்டும். ஆனால் உழைப்பின் பயன் யாருக்குப் போகும்? தள்ளாடி நடக்கும் தகர மனிதன் இதைக் கேட்பதில்லை. துப்பாக்கி வீரனும் கேட்பதில்லை. கோணல் கையுடைய டப்பா மனிதன் கேட்கிறான். ஆகவே என் தீர்ப்பில் முதற்பரிசு அவனுக்கே.

செய்ய விரும்புவோருக்கு

கடலோர ஊரில் இருந்தால் துத்தநாகம் பூசிய தகட்டைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அதை நெருப்பில் காய்ச்சாதீர்கள், அதன் புகை நஞ்சு. துருப்பிடிக்கா எஃகிலும் மாலிப்டினம் சேர்ந்த வகையே உப்புக் காற்றைக் கூடுதலாகத் தாங்கும். ஓர் உருவத்தில் இயன்றவரை ஓர் உலோகமே இருக்கட்டும்; இரண்டு வேண்டுமானால் நடுவில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ வாஷர் வையுங்கள். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, நன்றாக உலர்த்தி, மெல்ல மெழுகு பூசுங்கள். கழுவாமல் எண்ணெய் தடவினால் உப்பு உள்ளேயே தங்கும். சாவிப் பொறி உள்ள பொம்மைகளையும் அச்சிட்ட பழைய தகரப் பொம்மைகளையும் தண்ணீரில் முக்காமல், ஈரத் துணியால் ஒற்றி உடனே துடையுங்கள். அவற்றின் மேல் புதிய வண்ணம் அடிக்காதீர்கள்; அந்த அச்சே அவற்றின் வரலாறு. பாட்டரிப் பொம்மையானால் பாட்டரியைக் கழற்றி வையுங்கள். பழைய வண்ணத்திலும் பற்றாசிலும் ஈயம் இருக்கலாம். தொட்டபின் கையைக் கழுவுங்கள், சிறு குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.

உங்கள் அடுத்த பொம்மையைத் தொடங்குமுன், உங்கள் ஊரில் மனிதர் செய்யக்கூடாத வேலை எது என்று ஒரு நாள் சுற்றிப் பாருங்கள். அந்த வேலைக்கு எத்தகைய கை வேண்டும், எத்தகைய கால் வேண்டும் என்று யோசியுங்கள். பிறகு கத்திரியை எடுத்துத் தகட்டை வெட்டுங்கள். துரு எப்படியும் ஒருநாள் வரும். அதற்குள் அந்தப் பொம்மை ஒரு கேள்வியாவது கேட்டிருக்கும்.